கழட்டின கார்டு

"திருடன்னா நெத்தியில எழுதி ஒட்டியிருக்குமா? நல்லாப் பாத்துக்கங்க, இவருதான்!"

சுகுணா லேப்டாப்பை மேசைமேல் வைத்த வேகத்தில் அறிவழகனின் டீ டம்ளர் ஆடியது.

காரிமங்கலத்தில் அன்று சந்தை. பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கும் அவருடைய சின்னக் கடையின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா?

"என்னாச்சுங்க?" என்றார் அறிவழகன்.

"டியூசன் புள்ளைங்களுக்குக் கேள்வித்தாள் அடிக்கன்னு உங்ககிட்ட இதை வாங்கினோம். இன்னிக்கு நெட்டு போடலாம்னு பாத்தா எடுக்கவே இல்ல. தருமபுரியில பிரிச்சுப் பாத்தாங்க. உள்ள வைஃபை கார்டே இல்லையாம். யாரோ கழட்டிட்டாங்கங்கறாங்க. யாருங்க அந்த யாரோ?"

அறிவழகன் சுகுணாவின் பின்னால் நின்ற அவள் கணவன் பச்சியப்பனை ஒருமுறை பார்த்தார்.

பச்சியப்பன் சட்டென்று தன் பட்டன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். பழைய டச் போன் கிணற்றில் விழுந்ததிலிருந்து அவனுக்கு அதுதான். யாரும் கூப்பிடாத போனில் "அலோ, அலோ" என்றான்.

"பணத்தைத் திருப்பிக் குடுத்துடறேங்க" என்றார் அறிவழகன்.

"பணம் கெடக்குது. கழட்டினீங்களா, இல்லையா?"

நாற்காலியில் இருந்த ராஜாமணி நெளிந்தார். புதிதாகத் தொடங்கும் பயிற்சி மையத்துக்கு மொத்தமாகக் கம்ப்யூட்டர் விலை பேச வந்தவர்.

"சொல்லிடுங்க அறிவு. உங்களை நம்பித்தான் அத்தனையும் எடுக்கறேன்."

அறிவழகன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். இந்த ஆர்டரும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"கழட்டலைன்னா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும்!" என்றாள் சுகுணா.

பக்கத்துப் பூஜைக் கடையிலிருந்து கற்பூரம் பறந்து வந்தது. நல்ல காரியத்துக்கு இத்தனை சுறுசுறுப்பு எந்தக் கூட்டத்துக்கும் வராது. தகரத் தட்டில் போட்டுக் கொளுத்தியும் விட்டார்கள்.

அறிவழகனின் கை நீண்டது. நெருப்புக்கு மேலே ஒரு நொடி நின்றது. திரும்பி வந்துவிட்டது.

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேங்க. கழட்டினது நாந்தான்."

"பாத்தீங்களா! ஏன் கழட்டினீங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

ராஜாமணி எழுந்தார். "எனக்கு ஒண்ணும் வேணாங்க" என்று செருப்பைத் தேடினார்.

அறிவழகன் மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார்.

"வித்துடலைங்க. உங்க கார்டு இங்கதான் இருக்குது."

"அப்ப மாட்டுங்க. என் கண்ணு முன்னாடி, இப்பவே!"

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதல் ஸ்க்ரூவைக் கழற்றினார்.

எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை ஒரு கை ஓங்கி அறைந்து அணைத்தது. பச்சியப்பனின் கை.

"மாட்டாதீங்கண்ணா!"

அவன் மனைவியின் பக்கம் திரும்பினான்.

"சத்தியமா சொல்றேன் சுகுணா. கழட்டச் சொன்னது நாந்தான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அண்ணங்கிட்ட வாக்கு வாங்கினதும் நாந்தான். வூட்டுல நெட்டு இருந்தா என் கை சும்மா இருக்காது. மறுபடி ஆன்லைன் ரம்மி ஆட உக்காந்துருவேன்."

"ரம்மியா? நீங்களா?"

ராஜாமணி ஒரு காலில் செருப்போடு நின்றார். அறிவழகன் கார்டை மறுபடி பொட்டலத்தில் மடித்தார்.

பச்சியப்பன் தலை நிமிரவில்லை.

"என் பழைய போனு கெணத்துல தவறி விழுந்துடுச்சுன்னு சொன்னேன் இல்ல? தவறி விழல சுகுணா. நாந்தான் தூக்கிப் போட்டேன்."