வாயைத் திறக்க முடியாத வேலை

"எதுக்கு ரொம்ப நேரம் ஆகும்?" என்று கேட்டான் பாண்டித்துரை.

மலையாளியான ஜிபி கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். கேரள எல்லையில், கம்பம்மெட்டில் சலூன் திறந்த நாளிலிருந்து அவனிடம் விலை கேட்டவர்கள் உண்டு, கடன் கேட்டவர்கள் உண்டு. இப்படி யாரும் கேட்டதில்லை.

"ஃபேஷியல் அண்ணா. முகத்துல பேக் போட்டு உணங்கணும்."

"அது காயுற வரைக்கும் வாயைத் திறக்கலாமா?"

"பாடில்லா. திறந்தா பேக் வெடிச்சுப் போகும்."

"அப்ப அதையே போடு" என்று நாற்காலியில் சாய்ந்தான் பாண்டித்துரை.

அன்று காலைதான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, ஐயப்பன் மாலையைக் கழற்றியிருந்தான். அதுவரை அவனை 'சாமி' என்று கூப்பிட்ட ஜீப் ஸ்டாண்ட், அந்த நிமிடத்திலிருந்து 'டேய் பாண்டி' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தது.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. விரத காலம் முழுக்க அவன் சிகரெட்டைத் தொடமாட்டான். மாலை கழற்றிய அன்று, பெட்டிக்கடைக் கந்தப்பன் அண்ணன் தன் கையாலேயே முதல் சிகரெட்டைக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். ஒவ்வொரு வருடமும் இதுதான் நடந்தது. அந்த ஒன்றோடு எல்லாம் பழையபடி தொடங்கிவிடும்.

இந்த வருடம் அந்த ஒன்றைத் தாண்டிவிட்டால் போதும். அதைத்தான் அவன் ஐயப்பனிடம் கேட்டிருந்தான்.

விரத நாட்களில், வழக்கமாகச் சிகரெட்டுக்கு ஆகும் காசை ஜீப்பின் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தான். தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களை இறக்கிவிட்டு வந்ததும் அதை அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கடைப் பக்கம் திரும்பாமல் நேராக இங்கே வந்துவிட்டான்.

தனக்கென்று சோப்புக்கூட அவன் தேர்ந்தெடுத்து வாங்கியதில்லை.

ஜிபி தாடியை எடுத்தான். முகத்தைக் கழுவிவிட்டான். தேய்த்தான், ஆவி பிடிக்க வைத்தான், மறுபடி தேய்த்தான். கீழே குனிந்தபோது பாண்டித்துரையின் கால்களைப் பார்த்தான். செருப்பில்லாமல் மலையேறி இறங்கிய கால்கள். பாளம் பாளமாக வெடித்திருந்தன.

உள்ளே போய், ஒரு டப்பில் வெந்நீர் கொண்டுவந்து கால்களை எடுத்து அதில் வைத்தான்.

"இதுக்கு எவ்வளவு?"

"இதுக்குப் பைசா இல்ல அண்ணா. சாமி நடந்த காலல்லே."

பிறகு முகத்தில் பேக் ஏறியது.

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பனி விலகாத டிசம்பர் காலை. சவாரி இல்லாத டிரைவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

"என்ன பாண்டி, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஜிபி, அப்படியே ஜீப்புக்கும் ஒரு கோட் அடிச்சு விடு."

பாண்டித்துரையின் வயிறு குலுங்கியது.

"சிரிக்கண்டா அண்ணா" என்று கெஞ்சினான் ஜிபி.

அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. கந்தப்பன் அண்ணன் வந்தார். கையில் ஒரு சிகரெட். கடையைப் பூட்டாமல்கூட வந்திருந்தார்.

"மாலையைக் கழட்டிட்டு இங்க வந்து படுத்திருக்க. நான் அங்க பாத்துக்கிட்டே இருக்கேன்."

பாண்டித்துரை விரலை மட்டும் ஆட்டினான்.

"சரி, காயட்டும்" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வாசலில் யாரோ புகையை ஊதினார்கள். அது குளிரில் மெல்ல உள்ளே வந்து, வெந்நீரின் ஆவியோடு கலந்தது. பாண்டித்துரைக்குத் தொண்டை வரை நமநமத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். பேக்கிற்குக் கீழே உதடுகள் அசைந்தன. சரண கோஷம் என்று ஜிபிக்குப் புரிந்தது. பேக் லேசாக வெடித்ததை அவன் கண்டுகொள்ளவில்லை.

ஈரத்துணியால் துடைத்து எடுத்ததும், கண்ணாடியில் தெரிந்தவனைப் பாண்டித்துரைக்கே அடையாளம் தெரியவில்லை.

கந்தப்பன் அண்ணன் எழுந்து வந்து சிகரெட்டை நீட்டினார்.

"வேண்டாம்ணே."

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"ஏன்டா, எம்மேல எதுவும் கோவமா?"

"இல்லண்ணே." அவன் தயங்கினான். "இந்த வருசம் பாப்பாவையும் மலைக்குக் கூட்டிட்டுப் போனேன்ல. அவளுக்குப் பத்து வயசு ஆகப் போகுது. இனி அவ மலைக்கு வரணும்னா அம்பது தாண்டணும். இறங்கும்போது ஒரே அழுகை. அப்பவும் அப்பாதான் உன்னையக் கூட்டிட்டு வருவேன்னு பதினெட்டாம் படிக்குக் கீழ நின்னு சொல்லிட்டேண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மனதுக்குள் ஒரு கூட்டல் போட்டார்கள்.

"அப்ப உனக்கு எம்பது தாண்டியிருக்குமேடா."

"ஆமாண்ணே. அதுவரைக்கும் இருக்கணும்ல."

கந்தப்பன் அண்ணன் கண்ணாடியில் அந்தப் புது முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு அப்போது என்ன வயதிருக்கும் என்று அவர் கணக்குப் போடவில்லை.

"ஜிபி, இவன் மூஞ்சிக்கு என்ன போட்ட?"

"ஃப்ரூட் ஃபேஷியல், அண்ணா."

"பழமெல்லாம் அதுவரைக்கும் தாங்குமாப்பா? கோல்டு ஃபேஷியலே போட்டு விடு. மிச்சக் காசை எங்கிட்ட வாங்கிக்க."