யார் முறை?

"இன்னிக்குச் சமையல் உன் முறைதானே, ஆல்ட்வின்?" கெர்லின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு வாரமா நீ வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கல. முறையாம், முறை!"

"சந்தேகம்னா உங்கம்மாவையே கேளு."

"எங்கம்மாவை இழுத்தே, நடக்கிறதே வேற!"

"இழுப்பேன். என்ன பண்ணிடுவே?"

ஆல்ட்வின் சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினான். மைதானமே அலறியது. வரவேண்டிய நடுவர் பக்கத்துத் தீவில் படகைத் தவறவிட்டதால், கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிரெனடா மகளிர் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருக்கும் கெர்லினுக்கு அன்று புருஷனே நடுவர்.

"இனி சும்மாதானே இருக்கப்போறே? போய் சீமைப்பலாவை அடுப்புல வை!"

கெர்லின் அசரவில்லை. கோட்டோரம் திரும்பிப் பார்த்தாள். அங்கே துணை நடுவராக நின்ற மாமியார் கொடியைத் தூக்கிவிட்டாள்.

"கார்டை உள்ள வைடா! இன்னிக்கு உன் முறைதான்."