காலடி மண்

“அந்த மாமி மட்டும் ஏடாகூடமா ஒரு வார்த்தை சொல்லிச்சுன்னா அவ்ளோதான் டீச்சர். நம்ம காப்பகத்துக்குப் பூட்டுதான்” என்றாள் ஆயா அஞ்சம்மாள்.

அஸ்தினாபுரம் சர்ச்சில் வாரநாட்களில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு, தூளி கட்டி, சானடோரியம் பக்கத்துக் கம்பெனிகளில் தையல் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் ஞானம்மாள். அனுமதி தருவதா வேண்டாமா என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஏகநாதன் வந்திருந்தார். அவர் முடியாது என்றுவிட்டால் நாளையிலிருந்து அந்தப் பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான்.

பயமெல்லாம் பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமியை நினைத்துத்தான். தனிக்கட்டை. யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள். தன் வீட்டு ஜன்னலில் நின்று பிள்ளைகளை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். சத்தம் பிடிக்கவில்லை போலும் என்று போன மாதம் சர்ச்சின் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள் ஞானம்மாள். வாசனை ஆகாதோ என்று புதன்கிழமை முட்டையையும் நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான்.

அதற்கப்புறம்தான் அந்த விவகாரம். காப்பகத்துக் குழந்தை மல்லிகாவுக்குக் காய்ச்சல் கண்ட வாரம், அஞ்சம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“டீச்சர், புள்ளைங்க போனப்புறம் மாமி நம்ம கேட்டாண்ட குனிஞ்சி காலடி மண்ண அள்ளிச்சு. முந்தானைல முடிஞ்சிகினு போவுது. காலடி மண்ணு இன்னாத்துக்கு? செய்வினைக்குத்தான்.”

“சும்மா இரு அஞ்சம்மா. அதெல்லாம் நாம நம்பக்கூடாது.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து ஜெபத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இரண்டு தடவை சொன்னாள்.

ஏகநாதன் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். கக்கூஸைப் பார்த்தார். தூளிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். உள்ளே இருந்த குழந்தை சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்துவிட்டார்.

“எல்லாம் திருப்திம்மா. அக்கம்பக்கத்துல ஆட்சேபணை இல்லைன்னு நேர்ல ஒரு வார்த்தை கேக்கணும். அதான் ரூல்.”

காம்பவுண்டுச் சுவரோரம் போய் அவரே குரல் கொடுத்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மாமி வந்தாள்.

“இங்க குழந்தைங்க காப்பகம் நடத்தறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா மாமி?”

“உண்டு.”

ஞானம்மாள் முந்திக்கொண்டாள். “சத்தம்தானே மாமி? இன்னும் அடக்கி வைக்கிறோம். தயவுபண்ணி வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், அதுங்க எங்க போகும்?”

“அவா ஏன் போகணும்? அந்த ஜன்னலை எதுக்குச் சாத்தினேள்? அதைச் சொல்லுங்கோ முதல்ல.”

ஞானம்மாள் சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். மாமியின் கண் கலங்கியிருந்தது.

“இத்தனை பச்சைக் குழந்தைகளை ஒரே இடத்துல வச்சா ஊர்க்கண்ணு சும்மா விடுமா? வெள்ளிக்கிழமை தவறாம ஜன்னல் வழியா ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்து உப்பு மிளகாய் சுத்திப் போட்டுண்டிருந்தேன். நீங்க சாத்திட்டேள். இப்போ மல்லிகாவுக்கு ஜுரம்னா, திருஷ்டி கழிக்க அவ காலடி மண்ணு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கோ.”