பிள்ளையார் செயல்

"சும்மா குடுக்கிறதுக்கா தம்பி ரெண்டு வருசம் மண்டைய உடைச்சீங்க?"

பெண் பார்க்க வந்த வீட்டில் இந்தக் கேள்வி வரும் என்று திலக்ஷனுக்குத் தெரியும். கேட்டவர் பெண்ணின் அப்பா ராஜரத்தினம். கண்டி மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். இலவசமாகக் கிடைக்கும் எதையும் அவர் நம்புவதில்லை.

"விண்டோஸ் மாதிரித்தான் அங்கிள். ஆனா முழுக்கத் தமிழ்ல. பேரு ஹந்தானை. பழைய கம்பியூட்டர்லயும் ஓடும். போன மாசம் லைப்ரரி வாசல்ல நின்னு, பென் டிரைவ்ல போட்டு வர்ற போறவங்களுக்கெல்லாம் குடுத்தோம். யாரும் எடுக்கலாம், யாரும் திறந்து மாத்தலாம்."

"யாரும் மாத்தலாமா? வீட்டுக் கதவத் திறந்து போட்டுட்டுப் படுக்கிற மாதிரியில்ல இருக்கு."

கதிரை நுனியில் உட்கார்ந்திருந்த அன்னலட்சுமி மகனை முறைத்தாள். பேச்சை மாற்றுவதற்காக, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அவன் ஜாதகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கம்பியூட்டர்காரர் ஜாதகம் கடதாசியில வருது" என்று ராஜரத்தினம் சிரித்தார். "மத்த மாப்பிள்ளைங்க ஜாதகமெல்லாம் இதுக்குள்ள இருக்கு." மேசையிலிருந்த பழைய கம்பியூட்டரைத் தட்டினார். "கொழும்பு பேங்க் மனேஜர் ஒருத்தரோடது நல்லாப் பொருந்தும் போல. நாளைக்கு ஐயர்கிட்டக் காட்டணும். ஆனா இந்தச் சனியன் திறக்க அரை மணித்தியாலம் எடுக்குது."

திலக்ஷனுக்கு உயிர் வந்தது. "ஹந்தானையப் போட்டா உடனே திறக்கும் அங்கிள். பழையதெல்லாம் அப்படியே இருக்கும். கேக்காம எதிலயும் கை வைக்காது."

"கொழும்பு மாப்பிள்ளை ஜாதகத்தத் திறக்க நீ ஏண்டா வழி பண்ணுற?" என்று அன்னலட்சுமி அவன் காதைக் கடித்தாள்.

லைப்ரரி வாசலில் கொடுத்தது போலவே ஒரு பச்சை நிற பென் டிரைவை அவன் எடுக்கவும், பெண் யசோதினி தேநீரும் வடையுமாக வரவும் சரியாக இருந்தது. அவளைப் பார்த்ததில் கை தவறி, பென் டிரைவ் மேசைக்கடியில் விழுந்தது. யசோதினி தட்டை வைத்துவிட்டுக் குனிந்தாள். எழுந்து, தானே பென் டிரைவைச் செருகியும் விட்டாள்.

திரையில் ஹந்தானை மலை தெரிந்தது. அடுத்து, 'பழையதை வைத்திருக்கவா, அழிக்கவா?' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. 'அழித்தாயிற்று' என்றது.

"இது கேக்கணுமே" என்றான் திலக்ஷன். "அந்தக் கேள்விய எழுதினதே நான்தானே."

வடைத் தட்டு காலியாவதற்குள் வேலை முடிந்தது. கம்பியூட்டர் சொன்னபடி உடனே திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"உங்கம்மா போட்டோவெல்லாம்?" ராஜரத்தினத்தின் குரல் உடைந்தது.

"என் போன்ல இருக்குப்பா. நேத்துத்தான் எடுத்து வச்சேன்."

"ஜாதகம்?"

"அது எடுக்கலப்பா."

"தரகர்கிட்டத் திரும்பக் கேக்கலாம் அங்கிள்" என்று திலக்ஷன் தீனமாகச் சொன்னான்.

"வாங்கின ஜாதகத்தத் தொலைச்சிட்டோம்னு சொல்லிக் கேக்கவா? அபசகுனம்னு அவங்களே வேணாம்னுருவாங்க. நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன்."

இனி இந்த வீட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று திலக்ஷன் நினைத்துக்கொண்டான். ராஜரத்தினம் கம்பியூட்டரை இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு அவர் பார்வை மஞ்சள் தடவிய கடதாசியில் போய் நின்றது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அத்தனையும் போயி இது ஒண்ணு மிஞ்சியிருக்கு. கட்டுக்கலைக் கோயில் பிள்ளையார் செயல். நம்ம கையில என்ன இருக்கு? ஐயர்கிட்ட இதையே காட்டுறேன்."

அவர் மனம் மாறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அன்னலட்சுமி எழுந்துவிட்டாள்.

பெரியவர்கள் கேற்றடியில் பேசிக்கொண்டிருக்க, வாசலில் திலக்ஷன் சப்பாத்தை மாட்டியபடி யசோதினியிடம் மெதுவாகச் சொன்னான்: "மன்னிச்சிருங்க. நான் செஞ்ச பென் டிரைவ் கேக்காம அழிக்கவே அழிக்காது. என்ன நடந்துச்சுன்னே தெரியல."

"உங்களோடது அழிக்கலையே" என்று அவள் உள்ளங்கையை விரித்தாள். அதில் அவனுடைய பச்சை பென் டிரைவ் இருந்தது. "நான் செருகினது லைப்ரரி வாசல்ல நீங்க எனக்குச் சும்மா குடுத்தது. யாரும் திறந்து மாத்தலாம்னு சொன்னீங்க, அதான் அந்தக் கேள்விய மட்டும் எடுத்துட்டேன்."