ஊசித்துளை வெளிச்சம்

மதிய வெயில் ஆய்வகத்து மேசைகளில் எல்லாம் வழிகிறது. நடுவில் மட்டும் ஒரு பெட்டி, ஆய்வு செய்யும் மகளுக்காகத் தையற்கார அம்மா தைத்துக் கொடுத்த இரட்டைக் கறுப்புத் துணிக்குள் கன்னங்கரேலென்று கிடக்கிறது. அம்மா எதையும் தொட்டுவிடக் கூடாதென்று கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நிற்கிறாள். உள்ளே நகமளவுத் தகட்டின் மேல் நீல விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஒளி படும்போதெல்லாம் தகட்டில் மின்சாரம் பிறந்து, திரையில் கோடு படிபோல் எழுந்து இறங்குகிறது. மகள், புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் புரதம் கலந்த ஒரு சொட்டைக் குழாய் வழியே விடுகிறாள். படிகள் குட்டையாகின்றன. அம்மா திரையை எட்டிப் பார்க்கிறாள். "என்னடி, குறையுது? கெட்டுப்போச்சா?" "குறையணும்மா! புரதம் தகட்டுல ஒட்டினா மின்சாரம் குறையும். கண்டுபிடிச்சிருச்சும்மா! இத்தனை நாளா வெளி வெளிச்சம் பூந்து எல்லாம் வெறும் கிறுக்கலா வந்துச்சு." மகள் திரையைத் தொட்டுக் காட்டுகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் திரையைச் சூழ்ந்துகொண்டு கைதட்டுகிறார்கள். அம்மா மெல்லப் பெட்டியருகே வந்து, துணியின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து, எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறாள்: "மேல்துணித் தையலும் உள்துணித் தையலும் ஒரே இடத்துல வராம தள்ளித் தள்ளிப் போட்டேன். ஊசித்துளை வழியாக்கூட வெளிச்சம் போகாது."