கஸ்தூரி டீச்சரின் கறுப்புக் கண்ணாடி

“கண்ணாடியக் கொஞ்சம் கழட்டுங்களேன் டீச்சர்” என்று மறுபடியும் கேட்டாள் நாகவல்லி.

கஸ்தூரி டீச்சர் கழற்றவில்லை.

தொண்ணூற்றாறு, ஆனி மாதம். பூந்தமல்லி முழுக்க மெட்ராஸ் ஐ. பெண்கள் பள்ளியில் பாதி வகுப்பு காலி. வந்த பாதியும் யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நடந்தது.

கஸ்தூரிக்கு உயிரியல்தான் பாடம். ஒரு பயிற்சிக்கு அனுப்பி வைத்து, திரும்பி வந்ததும் ஆலோசனை டீச்சராகவும் ஆக்கிவிட்டார்கள். லேபுக்குப் பக்கத்தில் ஓர் அறை, எதிரெதிராக நாற்காலிகள். பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது.

பார்த்துப் பேசினாள். “ஒண்ணும் இல்ல டீச்சர்” என்று எழுந்து போனார்கள்.

பிறகு அவளுக்கும் மெட்ராஸ் ஐ வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டாள். அன்றிலிருந்து அறைக்கு வெளியே வரிசை. தன்னைப் பார்க்கிறாரா, சுவரைப் பார்க்கிறாரா என்று தெரியாத ஆளிடம் எதையும் சொல்லலாம் போலிருக்கிறது.

நாகவல்லி வேறு காரியமாக வந்திருந்தாள்.

“கழட்டிட்டு ஒரு தபா என்னப் பாருங்க. எனக்கும் ஒட்டிக்கட்டும்.”

“ஏண்டி, ஊரே பயந்து ஓடுது. நீ கேட்டு வாங்குறியா?”

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு அம்பத்தூரில் வேலை. பிடித்துவிட்டால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. பிளஸ் டூ பரீட்சையைப் பற்றிக் கேட்டதற்கு, “சோறாக்கறதுக்கு இன்னாத்துக்குப் பரீட்ச?” என்றாராம் அப்பா துலுக்கானம்.

கண் சிவந்த பெண்ணை யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமே. இந்த ஞாயிறு தப்பினால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் பெண் பார்க்கிற பேச்சே கிடையாது.

“ஒரு மாசம் கெடச்சா நைனாவ எப்படியாவது சரிக்கட்டிடுவேன் டீச்சர்.”

கணக்கு கச்சிதமாக இருந்தது. அறிவியல்தான் தப்பு. தப்பான அறிவியலை அப்படியே விட்டுவிட கஸ்தூரியால் முடியாது.

“பார்த்தா ஒட்டாதுடி. பார்க்கிறதுன்னா என்ன? வெளிச்சம் உன் மேல பட்டு என் கண்ணுக்குள்ள வருது. என் கண்ணுலேர்ந்து எதுவும் கிளம்பி உன்கிட்ட வராது. இது கை வழியாத்தான் போகும். நான் கண்ணத் தொட்ட கையால கதவத் தொடுவேன். அதே கதவத் தொட்டுட்டு நீ கண்ணக் கசக்குவ. துண்டு, கர்ச்சீப், தலையணை உறை, எல்லாம் அதே வழிதான்.”

நாகவல்லி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு மேஜை மேலிருந்த டீச்சரின் கர்ச்சீப்பை எடுத்து, இரண்டு கண்ணிலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

“வீண் வேலை” என்றாள் கஸ்தூரி.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

வெள்ளை வெளேரென்று இரண்டு கண்கள். ஒரு சிவப்பு நரம்புகூட இல்லை.

“இன்னா டீச்சர், ஒண்ணுமே இல்ல!”

“சரியாகி ரொம்ப நாளாச்சு. வெளிய சொல்லிடாத.”

கண்ணாடியை அவள் முகத்தில் மாட்டிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை முடியிற வரைக்கும் இதக் கழட்டாத. கழட்டுன்னு யாரும் சொல்லவும் மாட்டாங்க.”

திங்கட்கிழமை காலையில் நாகவல்லி கண்ணாடியோடு வாசலில் நின்றாள். அவளுக்கு முன்னால், இன்னொரு கறுப்புக் கண்ணாடியோடு துலுக்கானம். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

“மாப்ள ஊட்டுக்காரங்க குமணன்சாவடி வரைக்கும் வந்துட்டு, சேதி தெரிஞ்சதும் பஸ் ஏறிட்டாங்க டீச்சர்” என்றார். “பொண்ணப் பாத்துப் பாத்து எனக்கும் ஒட்டிக்கிச்சு.”

கஸ்தூரி விளக்க வாயெடுத்தாள். வெளிச்சம், கை, கதவு, துண்டு எல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன.

“ஆமாங்க, பார்த்தாலே ஒட்டிக்கும்” என்றாள். “உட்காருங்க.”

தன் நாற்காலியை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

துலுக்கானம் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

“பரீட்ச எந்த மாசம் டீச்சர்?” என்றார் துலுக்கானம்.