சுழற்றிய பிறகு

கண்ணாடிக் குழாயின் கழுத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரிந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

எண்ணெய்தான்.

ஒரு சாண் நீளக் கல். எண்ணெய்க் கிணற்றின் அடியிலிருந்து வெட்டியெடுத்தது. தண்ணீரை விட்டுத் தள்ளியதில் எண்ணெய் வந்தவரை வந்தது, அதன் பிறகு ஒரு சொட்டுகூடத் தரமாட்டேன் என்று கல் அடம்பிடித்தது. நேற்று முதல் அதற்குள் அவள் செலுத்திக்கொண்டிருப்பது பூந்திக்கொட்டைச் சாறு.

தலைக்குத் தேய்க்கிறதை வைத்து எண்ணெய் எடுக்கப்போகிறாளாம் என்று ஆய்வுக்கூடமே நான்கு வருடம் சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் இப்போது அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எண்ணெய் நிறுவனத்திலிருந்து மாசிலாமணி வந்திருந்தார். கல் குடித்த எண்ணெயில் நூற்றுக்கு இருபது பங்காவது இந்தச் சாற்றால் வெளியே வந்தால், உண்மையான கிணற்றிலேயே செய்து பார்க்கலாம். குறைந்தால் இல்லை. கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுடைய பேராசிரியர் குழாயில் அளவைப் படித்தார். இருபத்து மூன்று.

யாரோ கைதட்டினார்கள். மாசிலாமணி பேனாவைத் திறந்தார்.

அவள் மட்டும் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூந்திக்கொட்டையின் குணம் அவளுக்குத் தெரியும். ஒட்டாத எண்ணெயையும் தண்ணீரையும் ஒட்டி உறவாட வைத்துவிடும். அந்தக் கறுப்பு முழுவதும் எண்ணெய் இல்லை.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"சார், எழுதாதீங்க. உள்ள தண்ணி கலந்திருக்கு. மெஷின்ல சுத்திப் பிரிச்சுட்டுப் பாக்கணும்."

பேராசிரியர் முறைத்தார். அவள் குழாயை எடுத்துப்போய்ச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து மூடினாள். இருபது நிமிடம் அது சுழன்றது.

வெளியே எடுத்தபோது வளையம் மெலிந்திருந்தது.

அவளே படித்தாள். பதினெட்டரை.

கிணறு போனால் போகட்டும். இந்தப் பதினெட்டரையும் கலப்பில்லாமல் அந்தக் கல்லிலிருந்து அவள் கறந்தது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாசிலாமணி கோப்பைப் புரட்டினார். இதே கிணற்றுக் கல்லில் வேறு வேறு சோப்புக் கரைசல்களை விட்டுப் பார்த்த மூன்று ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் அதில் இருந்தன. இருபத்திரண்டு, இருபத்தாறு, இருபத்தொன்று.

"இவங்கல்லாம் சுத்திப் பாத்திருப்பாங்களாம்மா?"

தெரியாது சார் என்றாள்.

அவர் பதினெட்டரையை எழுதினார்.

பிறகு மேலே இருந்த மூன்று எண்களுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு கேள்விக்குறி போட்டார்.